பூட்டை நகர்த்தும் புத்திசாலிகள்

சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஒரு கனவான் என்னைப் பிடித்துக்கொண்டார். கேலிக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கனவான்தான். பழைய கார்கள் மூன்று வைத்திருக்கிறார். மூன்றிலும் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். "உங்கள் ஹெரால்டின் கதவுக் கீலுக்காக மூன்று வாரம் வண்டியை நிறுத்தி வைத்தீர்களாமே? கீலையெல்லாம் யார் ஸார் தொடுவார்கள்? லாக் பிளேட்டை ஒரு நூல் கீழே இறக்கினால் கதவு கும்மென்று மூடிவிட்டுப் போகிறது!" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கல்யாண வீட்டில் சண்டை போடக் கூடாது என்பது என் கொள்கை. ஆகையால் அந்தச் சண்டையை இங்கே போடுகிறேன்.

காரே வைத்திராத வாசகர்கள், "இது நமக்கல்ல" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வீட்டுக்குக் கதவு உள்ளவர்கள் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

கார்க் கதவு இரண்டு கீல்களில் தொங்குகிறது. ஒவ்வொரு கீலுக்கும் இரண்டு இரும்பு இலைகள். ஒன்று வண்டியின் தூணில், மற்றது கதவில். இரண்டையும் கோத்துக்கொண்டு நிற்பது பென்சில் பருமனுள்ள ஒரு முள். பட்டறையில் அதைப் பின் என்பார்கள். கதவின் பாரம் அத்தனையும் கடைசியில் இந்த முட்களின் தலையில்தான் வந்து விடிகிறது. அறுபது வருஷம் திறந்து மூடினால் முள் ஒரு பக்கமாகத் தேயும். அது நுழைந்திருக்கும் துவாரம், வட்டமாக இருந்தது, முட்டை வடிவமாகும். கதவின் வால்பக்கம் மெள்ள இறங்கும். இறங்கினால் பூட்டின் நாக்கு, எதிர்த்தூணில் அதற்கென்று திருகி வைத்திருக்கும் தகட்டில் விழாமல் கீழே போய் இடிக்கும். அந்தத் தகடுதான் நம் கனவான் சொன்ன லாக் பிளேட்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கணக்கில் நான் புலியல்ல. கல்லூரி இரண்டாம் வருஷத்தோடு கணக்கும் நானும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்துவிட்டோம். ஆனாலும் இது எனக்கே புரிகிறது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் இடையே ஓரடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கீலிலிருந்து பூட்டு மூன்றடி தூரம். மேல் கீலில் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் பூட்டு ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் அங்கே. கண்ணுக்குத் தெரிகிற கோளாறு இங்கே. கண்ணுக்குத் தெரிந்த இடத்திலேயே வைத்தியம் பண்ணுவது நம் ஜனங்களின் வழக்கம். அதைத்தான் கனவான் புத்திசாலித்தனம் என்கிறார்.

என் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற காரை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அது சென்னைக்காரி. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரோடு பிறந்தது. இத்தாலிக்காரரான மிச்செலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். 1961-லிருந்து பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதை நமக்காகச் செய்தது. ஆரம்பத்தில் 948 சி.சி. என்ஜின். முன்மூடி முழுவதும் முதலை வாயைத் திறப்பதுபோல முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அது எவ்வளவு பெரிய வரம் என்பது சந்தை நாளில் வந்து பார்த்தால் தெரியும். கம்பெனி எண்பதுகளின் கடைசியில் மூடிவிட்டது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது கணினிக் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டிடங்கள் நிற்கின்றன. அந்த வழியாகச் சென்னைக்குப் போகும்போதெல்லாம் என் வண்டி ஒரு தடவை இருமும். பெட்ரோல் கோளாறுதான், ஆனால் என் மகள் ஒப்புக்கொள்வதில்லை.

என் தகப்பனார் மல்லாட்டை வியாபாரி. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் மூட்டைகளோடு லாரியில் போய் வந்துகொண்டிருந்தவர், 1979-ல் பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரிடமிருந்து இந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கி அனந்தபுரத்துக்கு ஓட்டி வந்தார். 1966-ம் வருஷத்து வண்டி. ஆகவே இரண்டே கதவு. நாலு கதவு ஹெரால்டு பிற்பாடு வந்தது. அதுவும் இந்தியாவில் மட்டும்தான் உண்டு, இங்கிலாந்துக்காரனுக்குக்கூடக் கிடையாது. இரண்டு கதவு வண்டியில் ஒவ்வொரு கதவும் நீளம். நீளமானால் கனம். பின் இருக்கைக்காரர்களும் அதே கதவு வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். என் அம்மாவுக்கு முழங்காலில் வலி. ஆகையால் இறங்கும்போது கதவின் மேல்விளிம்பைப் பிடித்து உந்திக்கொண்டுதான் எழுந்திருப்பாள். நாற்பது வருஷம் அந்தக் கதவு எங்கள் குடும்பத்துக்கே ஊன்றுகோலாக இருந்தது. தையல் மிஷினுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விட்ட குடும்பம் நாங்கள். கதவுக் கீலுக்கு ஒரு சொட்டு விட்டதில்லை. குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் என்னுடையதாகவே இருக்கட்டும்.

2019-ல் இடது கதவு இடிக்கத் தொடங்கியது. ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். எந்த ஊர், யார் பட்டறை என்பதெல்லாம் வேண்டாம். எல்லா ஊரிலும் இருக்கிற பட்டறைதான். ஐந்தே நிமிஷத்தில் லாக் பிளேட்டை இறக்கினார்கள். முந்நூறு ரூபாய். கதவு கும்மென்று மூடியது. அடுத்த வருஷம் மறுபடி இடித்தது. மறுபடி இறக்கினார்கள். திருகுத் துவாரம் போதவில்லை என்று அரத்தால் ராவி நீளமாக்கினார்கள். மறுபடி முந்நூறு. மூன்றாம் தடவை இறக்குவதற்குத் தூணில் இடம் இல்லை. கீலுக்கு நடுவே ஒரு கட்டையைக் கொடுத்துக் கதவை இரண்டு பேர் சேர்ந்து நெம்பினார்கள். கதவு மேலே வந்தது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. பையனுக்கு டீக்குக் காசு வேறு கொடுத்தேன்.

2022-ம் வருஷம் ஓர் அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் பார்க்கப் போய்விட்டு அம்மாவும் நானும் திரும்பிக்கொண்டிருந்தோம். நள்ளிரவு தாண்டியிருக்கும். வண்டி முப்பதுக்கு மேல் போகவில்லை. செஞ்சிக்கு வருகிற வழியில் வலப்பக்கமாக ஒரு திருப்பம். திருப்பினேன். அம்மா பக்கத்துக் கதவு, யாரோ வெளியிலிருந்து மரியாதையாகத் திறந்துவிட்டது போல, முழுவதும் திறந்துகொண்டது.

மடியிலிருந்த கூடை போய்விட்டது. தேங்காய் மூடி, எலுமிச்சம்பழம், குங்குமப் பொட்டலம் எல்லாம் ரோட்டில். அம்மா போகவில்லை. எதிரே இருந்த தட்டை ஒரு கையாலும் என் சட்டையை ஒரு கையாலும் பிடித்திருந்தாள். அந்த வண்டியில் பெல்ட் கிடையாது. நிறுத்திவிட்டு நான் இறங்கி ஓடி வந்து பார்த்தபோது அவளுடைய ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. செருப்பு இல்லை. ஒன்றும் பேசவில்லை. கூடையைப் பொறுக்கப் போனவனை, "வேண்டாம், வா" என்றாள். வீட்டு வாசலில் இறங்கின பிறகுதான், "இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன்டா. வித்துடு" என்றாள்.

முந்நூறு ரூபாய் புத்திசாலித்தனத்தின் விலையை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன். பூட்டின் நாக்கு தகட்டில் முழுவதும் விழாமல் விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கதவு மூடியிருந்தது. கும்மென்ற சத்தம்கூடச் சரியாகத்தான் இருந்தது. கல்யாண வீட்டுக் கனவானே, உங்கள் மூன்று வண்டிகளிலும் எத்தனை கதவுகள் இப்படி மூடியிருக்கின்றன?

விற்பதற்கு முன்னால் எங்கள் ஊர்க் கடைசல் பட்டறைப் பெரியவரிடம் ஒருமுறை காட்டலாம் என்று தோன்றியது. அவர் கார் மெக்கானிக் அல்ல. மாட்டு வண்டிக்கு அச்சு, கிணற்று மோட்டாருக்குத் தண்டு, ஆயில் என்ஜினுக்கு புஷ், இவைதான் அவருடைய உலகம். எழுபது வயது தாண்டியவர். கதவைப் பாதி திறந்து, வால்பக்கத்தின் கீழே இரண்டு கைகளையும் கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோல மெள்ளத் தூக்கினார். கதவு எழுந்து இறங்கியது. மறுபடி தூக்கச் சொல்லிவிட்டு, அவர் கீலின் மேல் விரலை வைத்துக்கொண்டார். ஆடுவது கீலின் முள்ளா, தூணில் உள்ள போல்ட்டா, தூணேயா என்று விரலால் பார்த்தார். அதற்கப்புறம் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஹெரால்டின் உடம்பு தனி, சட்டம் தனி. துண்டு துண்டாகச் செய்து சட்டத்தின் மேல் போல்ட் போட்டு இறுக்கிய வண்டி அது. சட்டத்தின் கைகள் துருப்பிடித்து உடம்பு இறங்கினாலும் கதவு தொங்குவது போலத் தோன்றும். கீல் புதிதாகவே இருந்தாலும் தோன்றும். அதையும் தீர்த்துக்கொண்டுதான் அவர் வாயைத் திறந்தார்.

"கதவு கெடல தம்பி. முள்ளுதான் கெட்டிருக்கு. முள்ளுக்கு வைத்தியம் பண்ணாம வாசப்படிய வெட்டி வெச்சிருக்கானுங்க."

என் பாட்டி வீட்டுக் கதவு அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் காலத்துக் கதவுக்குக் கீல் ஏது? கதவின் மூலையில் மேலும் கீழும் குடுமி. கீழ்க் குடுமி ஒரு குழிக்கல்லில் நின்று சுழலும். கோட்டை வாயிலுக்கும் கோயில் வாயிலுக்கும் அதே ஏற்பாடுதான். குடுமி தேய்ந்து கதவு நிலைப்படியில் உரசினால் ஆசாரி வருவார். நாலு பேரை வைத்துக் கதவைத் தூக்கி, குடுமிக்கு இரும்புப் பூண் போட்டு, குழியில் ஒரு பழைய செப்புக் காசைப் போட்டுவிட்டுப் போவார். தாழ்ப்பாளை அவர் தொட்டதே இல்லை. கதவு சரியாக நின்றால் தாழ்ப்பாள் தானாக விழும் என்பது அவருக்குத் தெரியும். கோட்டைக்குக் கதவு போட்டவர்களின் வம்சத்தில் வந்தவர்கள் நாம். பூட்டை நகர்த்துகிற புத்தி எந்த வழியாக நமக்குள் நுழைந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் செய்த வேலையை நான் கூட இருந்து பார்த்தேன். முதல் நாள் ராத்திரியே போல்ட்டுகளுக்கெல்லாம் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்தார். காலையில் கீலின் இலை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சுற்றிலும் கோடு கிழித்துக்கொண்டார். ஜாக்கியின் மேல் பலகை, பலகையின் மேல் மடித்த சாக்கு, அதன் மேல் கதவைத் தாங்க வைத்தபிறகுதான் போல்ட்டைக் கழற்றினார். எல்லா போல்ட்டையும் ஒரேயடியாக எடுக்கவில்லை. அப்படி எடுத்தால் தூணுக்குள் இருக்கும் நட்டுத் தகடு உள்ளே விழுந்து காணாமல் போய்விடலாம். பழைய முட்களை அடித்து வெளியே எடுத்தார். ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். நடுவில் இடுப்பு சிறுத்திருந்தது; சூப்பிப் போட்ட முருங்கைக்காய்த் துண்டு மாதிரி.

"புது முள்ளு போட்டா சரியாயிடுமா ஐயா?" என்று கேட்டேன்.

"ஓட்டை முட்டை மாதிரி இருக்கு. உருண்ட முள்ள அதுல போட்டா நாலு மாசத்துல மறுபடி ஆடும்" என்றார்.

ஆகவே துவாரத்தை ரீமர் கொண்டு மறுபடி வட்டமாக்கினார். அது பெரிதாகிவிட்டதால், உள்ளே கன்மெட்டலில் ஒரு சின்ன புஷ்ஷைக் கடைந்து இறுக்கினார். அந்த புஷ்ஷுக்கு ஏற்ற முள்ளை எஃகில் கடைந்தார். இனிமேல் தேய்ந்தால் புஷ் தேயும்; கீல் தேயாது. புஷ்ஷை மாற்றிக்கொள்ளலாம். சிக்கனம் என்றால் இதுதான் சிக்கனம். முந்நூறு ரூபாய்க்கு மூன்று தடவை கதவைக் கொலை செய்வதல்ல.

நெம்புகட்டை வைத்தியம் வேறு ஒரு வேலை செய்திருந்தது. கீழ்க் கீலின் இலை வளைந்த இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். பற்றவைத்து ஓட்டிவிடலாமே என்றேன். நானும் அந்தப் பட்டறையில் மூன்று வருஷம் பாடம் கேட்டவன் அல்லவா? பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எட்டு வயதுப் பையனாகிவிட்டேன். தேய்ந்ததைப் பழுது பார்க்கலாம், விரிந்ததை மாற்றத்தான் வேண்டும் என்று அவர் சொல்லாமலே விளங்கியது. பழுது பார்ப்பதற்காக வக்காலத்து வாங்குகிறேன் என்பதற்காக மாற்றுவதே பாவம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எதை மாற்ற வேண்டும், எதை மாற்றக் கூடாது என்று விரலை வைத்துப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். என் வழக்கே அந்த ஆளைப் பற்றியதுதான்.

மாற்றுக் கீலுக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனேன். ஆசியாவில் செய்த எந்த வண்டியின் எந்த உறுப்பையும் அங்கே பார்க்கலாம் என்பார்கள். ஒரு முழு நாள் தேடி, ஒரு குவியலின் அடியிலிருந்து ஹெரால்டின் கீழ்க் கீல் ஒன்றை எடுத்தேன். எண்ணூறு ரூபாய். என்னுடையதைவிட அது அதிகமாகத் தேய்ந்திருந்தது. ஆனால் இலையில் விரிசல் இல்லை. பெரியவர் அதையும் ரீமர் போட்டுப் புஷ் வைத்து உயிர்ப்பித்தார்.

கதவைத் திரும்ப மாட்டின விதத்தைக் கனவான் கவனமாகப் படிக்க வேண்டும். முதல் காரியமாக லாக் பிளேட்டை அடியோடு கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். பூட்டே இல்லாமல் கதவைச் சாத்திச் சாத்திப் பார்த்தார். சுற்றிலும் இடைவெளி ஒரே மாதிரி வரும்வரையில் கீலை நகர்த்தினார், இறுக்கினார், மறுபடி தளர்த்தினார். அரை நாள் போயிற்று. கதவு, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமலே, தன் இடத்தில் வந்து அமைதியாக நின்றது. அப்புறம்தான், "அதைக் குடு தம்பி" என்று பிளேட்டை வாங்கி, ஆதியில் கம்பெனிக்காரன் வைத்த இடத்திலேயே வைத்துத் திருகினார். பூட்டு கடைசியில் வருவது. அதை முதலில் தொடுகிறவன் ஒன்று, வேலை தெரியாதவன். இல்லையேல், நீங்கள் மறுபடி வர வேண்டும் என்று விரும்புகிறவன்.

இடது கதவுக்கு அவர் வாங்கியது இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். அதிகம் என்றார் கனவான். அவருடைய வண்டி ஒன்றுக்குப் பெயிண்டு மட்டும் ஒன்றரை லட்சம் என்பதை அதே வெற்றிலைத் தட்டின் முன்னால்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மினுக்குவதற்குக் கொடுக்கிற பணம் கௌரவம்; அளந்து செய்கிற கைக்குக் கொடுக்கிற பணம் தண்டம். இந்த மனோபாவத்தோடுதான் எனக்குச் சண்டை.

சர்க்காரும் இதே மனோபாவத்தில்தான் இருக்கிறது. 2021-ல் ஒரு விதி போட்டார்கள். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளைத் தொன்மை வாகனம் என்று பதிந்து, பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் தருவார்கள். கட்டணம் 20,000 ரூபாய். சட்டத்தையோ, உடற்கூட்டையோ, என்ஜினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. மிகவும் நல்லது. ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாதாம். கண்காட்சி, ஊர்வலம், இப்படிப்பட்டவற்றுக்குத்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை திறக்கிற கதவின் கீல் எங்கே தேயும்? கீல் தேயாவிட்டால் கடைசல்காரருக்கு வேலை ஏது? ஓட்டுகிறவனாக இருந்தால் வேறு வழி: சாதாரணப் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கார்களுக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். புகையையும் பிரேக்கையும் சோதிக்கட்டும். என்னுடையதைத் தாராளமாகச் சோதிக்கட்டும். கிழவண்டிகள் எல்லாம் ரோட்டில் ஓடித்தான் ஆக வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் தகுதிச் சோதனையில் தேறுகிற வண்டிக்கும் வயசுக்காக ஏன் அபராதம் போல ஒரு கட்டணம்?

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமை என்று ஓர் இணையதளத்தையும் ஆரம்பித்தது. கைப்பேசி, டிராக்டர் போன்றவற்றோடு மோட்டார் வாகனங்களும் அதில் உண்டு. உரிமை வந்துவிட்டது, வரவேற்கிறேன். பழுது பார்க்கிற கை எங்கே இருக்கிறது என்று அதில் யாரும் சொல்லவில்லை. நம் நாட்டில் பெயருக்கு இருக்கிற மதிப்பு கைக்கு இல்லை. அம்பாஸடர் காரை 2014-ல் உத்தரபாராவில் நிறுத்தினார்கள். அந்தப் பெயரை மட்டும் 2017-ல் பிரெஞ்சுக் கம்பெனியான பியூஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். கீல் இல்லை, கதவு இல்லை, வண்டியே இல்லை. வெறும் பெயருக்கு 80 கோடி!

இதெல்லாம் நடைமுறைக்கு ஒவ்வாத பேச்சு என்று சிலர் சொல்லக் கூடும். பக்கத்து வீடான இலங்கையைப் பார்க்கட்டும். இங்கிலாந்தில் பாத் என்ற நகரத்தில் சார்லஸ் வேர் என்று ஒருவர் மாரிஸ் மைனர் கார்களுக்காகவே பட்டறை நடத்தினார். புதுக் கார் வாங்குவதைவிட நீடித்து உழைக்கும் பழைய காரைப் பாகம் பாகமாகப் புதுப்பித்து ஓட்டுவது குடும்பஸ்தனுக்கு லாபம் என்று 1982-ல் புத்தகமே எழுதினார். பழைய மாரிஸ்களைக் கைவிடாமல் வைத்திருந்த இலங்கையில், அவருடைய முயற்சியோடு சேர்ந்து, அந்தக் காருக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் தொழில் ஒன்று ஏற்பட்டது. அங்கே கையால் செய்த பாகங்கள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. அந்தக் காரைச் செய்த தேசத்துக்கே அதன் உறுப்புகளை அனுப்பினார்கள்! சாதித்தது மாயமந்திரம் அல்ல. எங்கள் ஊர்ப் பெரியவரிடம் இருப்பது போன்ற கையும் கண்ணும்தான்.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்தது. எங்களுக்கெல்லாம் பெருமைதான். ராஜகிரியைப் படம் பிடிக்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். கல்லைக் காப்பாற்ற இலாகா இருக்கிறது. கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் அனந்தபுரத்தில், கதவு சுழலும் சூட்சுமத்தை விரலில் வைத்திருக்கிற ஒருவர் ஓட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் படம் பிடிக்க யாரும் வருவதில்லை. வராவிட்டால் போகிறது, வேலை கொடுக்கவாவது வரலாம் அல்லவா?

அம்மா விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். கதவு வந்து இரண்டு மாதம் அவள் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் வெளியே போய்விட்டு வந்தபோது, திண்ணையிலிருந்து இறங்கி வந்து, கதவைத் திறந்து, வால்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். பெரியவர் பார்த்ததைப் போலவே. யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஆடவில்லை. "ம்" என்றாள். அடுத்த அமாவாசைக்கு மேல்மலையனூருக்கு வந்தாள். பெல்ட் வைத்தால்தான் ஏறுவேன் என்று நிபந்தனை போட்டாள், வைத்தேன். ஆனால் பின் இருக்கையில்தான் உட்காருகிறாள். முன்னால் உட்கார இன்னும் சம்மதிக்கவில்லை. இறங்கும்போது கதவைப் பிடித்து எழுவதையும் விட்டுவிட்டாள். என் தோளைப் பிடித்துக்கொள்கிறாள்.

வலது கதவு இன்னும் பாக்கி. அதுவும் இறங்கத் தொடங்கியிருக்கிறது. போன வாரம் பெரியவரிடம் நாள் கேட்கப் போனேன். பேரன் ஒரகடத்தில் கார்த் தொழிற்சாலைக்குப் போய்விட்டான்; கொட்டகையை எடுத்துவிட்டுக் கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்களாம். லேத்தைக் கிலோக் கணக்கில் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறான் பழைய இரும்புக்காரன்.

"தை பொறந்தா தூக்கிடுவாங்க தம்பி. அதுக்கு முன்னால கொண்டாந்துடு" என்றார்.

கனவானுக்கு மூன்று கார்கள். கதவுகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். மார்கழி முடிவதற்குள் அனந்தபுரத்துக்கு வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன். லாக் பிளேட்டுகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டாம். வழியில் திருப்பங்கள் இருக்கின்றன.